கப்பலில் கட்டாத பட்டுப்புடவை

போன வருஷம் மாசி மாதம், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய்த் திரும்பும் ஒரு சுற்றுலாக் கப்பலில் இது நடந்தது. நடந்தது கப்பலில் என்றாலும், ஆரம்பித்ததும் முடிந்ததும் எங்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஏஜென்ட் கடையில்தான். ஒரு வருஷம் ஆகியும் இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் காது சூடாகிறது.

எனக்குக் கப்பல் பைத்தியம். செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும் வரை கப்பல் வீடியோதான். எந்தக் கப்பலுக்கு எத்தனை மாடி, எந்த மாடியில் நீச்சல்குளம், அறைக்குள் அலமாரி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இது என்ன ஆசை என்று பஸ்ஸில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்பா, அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவர்களைக் கப்பலில் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். திருப்பதிக்கு அந்தப் பக்கம் போகாதவர்கள். நானே ஆன்லைனில் டிக்கெட் போட்டிருப்பேன். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளை நேரில் பார்த்துப் பேசினால்தான் அவருக்கு நம்பிக்கை. அதனால் அந்த ஏஜென்ட்டிடம் போனோம். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம், ஜெராக்ஸ் எல்லாம் அவரிடம் உண்டு. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கூலிக்கு நெய்பவர். முதலாளி பட்டு நூல் கொடுப்பார், அப்பா புடவையாக்கித் திருப்பிக் கொடுப்பார். நான் பிறந்ததிலிருந்து எத்தனையோ புடவைகள் அந்தத் தறியிலிருந்து இறங்கியிருக்கின்றன. எங்கள் வீட்டில் தங்கியது ஒன்றுகூட இல்லை. அம்மாவின் கல்யாணப் புடவையே கடையில் வாங்கியதுதான். கப்பல் பயணம் என்றதும் அப்பா முதல்முறையாகச் சொந்தமாக நூல் வாங்கினார். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். அம்மாதான் அதற்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார். அது தனக்கு என்று தெரிந்ததும், தறியைக் கடக்கும்போதெல்லாம் நெய்த வரைக்கும் ஒருமுறை கையால் தடவிவிட்டுத்தான் சமையலறைக்குள் போவார்.

கப்பலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பயணத்தில் ஒரு மாலை எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு பெரிய உணவுக்கூடத்துக்கு விருந்துக்கு வருவார்கள். ஃபார்மல் நைட் என்பார்கள். எங்கள் பயணத்தில் அது இரண்டாம் நாள் மாலை. கல்யாண நாளும் அதே நாள். அப்படிப் பார்த்துத்தான் நான் தேதியே தேர்ந்தெடுத்தேன். அந்த விருந்தில் அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்தப் பயணமே அதற்குத்தான்.

பணம் கட்டிய அன்று அப்பா பெருமையாக, "வீட்ல அவங்களுக்குப் பட்டுப்புடவை, எனக்குப் பட்டு வேட்டி. விருந்துக்குச் சரியா இருக்கும் இல்லீங்களா?" என்று கேட்டார். ஏஜென்ட் சிரித்தார்.

"அண்ணே, அது இன்னா கல்யாண மண்டபமா? வெள்ளைக்காரன் வழக்கம்ணே. ஆம்பளைக்குக் கோட்டு, லேடீஸுக்குக் கவுனு. வேட்டி கட்டிகினு போய் நின்னீங்கன்னா வாசப்படியிலயே நிறுத்திடுவான். அப்புறம் நடுக்கடல்லருந்து எனக்குப் போன் பண்ணி இன்னா பிரயோஜனம், பேஜாரு."

அப்பா என்னைப் பார்த்தார். நீதானே எல்லாம் பார்த்து வைத்திருக்கிறவள் என்று கேட்கும் பார்வை. நான் யோசிக்கவே இல்லை. "ஆமாம்பா, வீடியோல எல்லாரும் கோட்டுதான் போட்டிருப்பாங்க" என்றேன். நான் பார்த்ததெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோ என்பது அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறவில்லை. ஏஜென்ட் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று லேசானதுபோல் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கோட்டுக்கும் கவுனுக்கும் எங்கே போவது? அதற்கும் அவரே வழி சொன்னார். அதே கட்டிட மாடியில் அவர் மச்சான் கடை. கல்யாண ரிசப்ஷனுக்குத் துணி வாடகைக்கு விடுகிற கடை. அப்பாவுக்குக் கிடைத்தது மெரூன் வெல்வெட் கோட்டு, காலரில் கல் வேலைப்பாடு. அம்மாவுக்கு ஒரு நீளமான நீலக் கவுன். கண்ணாடி முன்னால் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இது நைட்டிதானேடி. மேல ஒரு துண்டு போட்டுக்கட்டா?"

நான் சிரித்தேன். அப்புறம், அங்கே போய் இப்படியெல்லாம் பேசாதே என்று கடிந்துகொண்டேன்.

கிளம்புகிற அன்று அம்மா பெட்டியின் அடியில் புடவையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். "வீணா வெயிட்டும்மா. கட்டவே வுட மாட்டாங்க." அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் கையால் செய்தது அது.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அம்மா பால்கனியை விட்டு உள்ளே வரவில்லை. அப்பா கப்பலைக் கட்டும் கயிற்றின் புரியைக் கட்டைவிரலால் பிரித்துப் பார்த்து, "நல்லா முறுக்கியிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

இரண்டாம் நாள் மாலை. கோட்டுக்குள் அப்பாவுக்குக் கை மடங்கவில்லை. புது ஷூ குதிகாலைக் கடித்தது. ஆனாலும், "பாத்தியா, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சி மறுபடியும் மாப்பிள்ள ஆயிட்டேன்" என்று சிரித்தார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். கவுனுக்கு மேல் என் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் கீழே குனிந்து பார்த்தபடி நடந்தார். நான் சிவப்புக் கவுனில் முன்னால் போனேன், போன் கேமராவோடு.

உணவுக்கூட வாசலில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாள் பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தார். அவர் கணவர் வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு நின்றார். வாசலில் நின்ற ஊழியப் பெண் அவர்களைக் கைகூப்பி உள்ளே அனுப்பினாள். யாரும் நிறுத்தவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னும் ஏழெட்டுப் புடவைகள், இரண்டு ஷெர்வானி.

அப்பா ஆட்களைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சைப் புடவையின் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரு நெசவு" என்றார் மெல்ல.

"தெரியுது" என்றார் அம்மா.

அவ்வளவுதான். கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி லிஃப்ட்டை நோக்கி நடந்துவிட்டார். அப்பா நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊழியப் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். புடவைக்கு அனுமதி இல்லை என்றார்களே, இதென்ன என்று கேட்டேன். அவளுக்கு நான் பேசுவது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். கோட்டு, கவுன், அல்லது அவரவர் நாட்டின் பாரம்பரிய உடை என்று தெளிவாக அச்சாகியிருந்தது. "புடவைன்னா எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்றவள், "இதெல்லாம் உங்களுக்கு மெயில்ல வந்திருக்குமே" என்றும் சொன்னாள்.

வந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே. பதினொரு பக்கம். நீச்சல்குளப் படம் இருந்த பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு நான் மூடிவிட்டிருந்தேன்.

அறைக்குத் திரும்பினால் அம்மா, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாதாரண வாயில் புடவைக்கு மாறியிருந்தார். அப்பா லுங்கியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கோட்டு நாற்காலியில் கிடந்தது. ஏஜென்ட் பொய் சொல்லிவிட்டார், புடவைக்குத் தடையே கிடையாது, இப்படியே வாங்க போகலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மெயில் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"வாயில் புடவையிலயா?" என்றார் அம்மா. "அந்தம்மா அப்பிடிக் கட்டிகினு வந்து உக்காந்திருக்கிறா. நான் இதுல போய் எதிர்ல உக்காரட்டா? நீ போய்ச் சாப்புடு."

நான் போகவில்லை. மேல் மாடியில் இருந்த சாதாரண உணவகத்திலிருந்து தட்டில் எடுத்துவந்து மூன்று பேரும் அறையிலேயே சாப்பிட்டோம். கல்யாண நாளுக்கென்று நான் சொல்லிவைத்திருந்த கேக், அந்தக் கூடத்தில் எங்கள் மேசையில் இருந்திருக்கும். போய்க் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு வாரம் ஏஜென்ட்டைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கூகுளில் எழுதி நாறடிக்கிறேன் பார் என்று குதித்தேன். "எழுதிகினு கிடக்காத. நேர்ல போய்க் கேக்கலாம், நானும் வரேன்" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயில். அம்மா உள்ளே போய்விட்டு வெளியே வந்தார். மயில்கழுத்துப் பட்டு, தலையில் பூ, கழுத்தில் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஆரம். அப்பா தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார், மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

தெருவில் எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "இன்னாக்கா, எங்க விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. கப்பலுக்குப் போறேன்."

பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருவதற்குள் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் அதே பதில், அதே முகம்.

கடையில் வந்தவாசியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தது. அம்மா போய் அந்தக் கப்பல் படத்துக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்கக்கா, கப்பல்லாம் எப்பிடி இருந்துச்சி?" என்றார் ஏஜென்ட்.

"இந்தப் புடவையில இன்னாங்க குறை?" என்றார் அம்மா.

"குறையா? சூப்பரா இருக்குதேக்கா. யாரு சொன்னது?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள் என்று ஆரம்பித்து, கோட்டு, கவுன், மச்சான் கடை, பச்சைப் புடவை, போகாத விருந்து என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கத்தாத பாப்பா. உன் மெயிலுக்கு ரூல்ஸ் பேப்பர் வந்திருக்கும். படிச்ச பொண்ணுதானே நீ, அதப் படிக்கலியா?"

அம்மா மெதுவாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் இருந்தது.

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "சரி. அவ படிக்கல. நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு எங்கக்கா நேரம்? நான் கப்பலுக்குள்ள கால் வெச்சதே இல்ல. நம்ம ஊரு ஜனம் அங்க போய் வேட்டியும் புடவையுமா நின்னா நாலு பேர் சிரிப்பான்ல. உங்க மரியாதைக்குத்தான் சொன்னேன்."

இதைச் சொன்னவர் கட்டியிருந்தது வேட்டி.

"ஓ. அப்ப இத்தினி நாளா எங்க மரியாதை மாடியில உங்க மச்சான் கடையிலதான் வாடகைக்கு இருந்துச்சா?"

வந்தவாசிக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஏஜென்ட் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறார், அதே படத்துக்குக் கீழே, போகிறவர்களுக்கெல்லாம் தனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொண்டு. கம்பெனி பஸ்ஸில் யார் பயணம் போவதாகச் சொன்னாலும், தாளைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படி என்று நான் அவர்கள் உயிரை எடுக்கிறேன்.

கடையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு அம்மா கேட்டார்: "எப்ப வந்துச்சி அந்த மெயிலு?"

"போறதுக்கு மூணு வாரம் முன்னாடிம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "வெயிலு தாங்கல, ஆட்டோ புடி" என்றார். ஆட்டோவில் முந்தானை வெளியே தொங்கிவிடாமல் மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வீடு வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பாவிடம் அவர் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானே சொன்னேன். அப்பா, "ம்" என்றார்.

அந்த ஏஜென்ட் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம். ஆனால் அன்று அவர் கடையில் எனக்குள் லேசானது என்னவென்று இப்போது தெரியும். வீடியோவில் பார்த்த அந்தக் கூடத்தில், அந்தக் கவுன்களுக்கு நடுவே, அம்மா புடவையோடு எப்படித் தெரிவாரோ என்று எனக்கே ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. புடவை வேண்டாம் என்று சொன்னது ஏஜென்ட் வாய்தான், ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு அடங்காத ஆத்திரம் வருகிறது.