சிவகுரு காட்டிய கடற்கோட்டை

நாரந்தனைச் சிவகுருவின் வாடகைக் காரில் ஏறினால், போகிற இடத்துக்கு முதல் ஊர்காவற்றுறையைப் பார்த்தே ஆகவேண்டும். அப்படியொரு பைத்தியம் அந்த மனிதருக்கு. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களையும் பழைய துறைமுகத் தெருவில் இறக்கி, வாய் ஓயாமல் கதை அளப்பார். படகைத் தவறவிட்டவர்கள் திட்டித் தீர்ப்பார்கள்.

எண்பத்துநாலாம் ஆண்டில் ஒருநாள், வேலணைச் சந்தியில் யாழ்ப்பாணத்து அன்னபூரணம் தன் தம்பியாரோடு அந்தக் காரில் ஏறினார்.

"நாரந்தனையிலை சிவகுரு வீடு தெரியுமோ, அண்ணை? அவரின்ர மகளின்ர சாதகக் குறிப்பு என்ர மகனுக்குப் பொருந்தியிருக்கு. சொல்லாமல் போனால்தானே வீட்டுச் சீர் தெரியும்."

தான்தான் அந்த ஆள் என்பதைச் சிவகுரு மறைத்துக்கொண்டார். ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போன பிள்ளை அவர் மகள் அம்பிகை. இதுவும் போனால்? வீட்டிலோ முற்றம் முழுக்கப் பனங்கிழங்கு காயும். மனைவி சிவக்கொழுந்து கிழிசல் சீலையோடு நிற்பாள். காருக்குத் தண்ணீர் பார்ப்பதாக இறங்கி, சைக்கிள் கடை வின்சன்ற்றின் காதைக் கடித்தார்.

"ஓடு, மனிசியிட்டைச் சொல்லு!"

பிறகு தன் வீட்டு ஒழுங்கையைத் திரும்பியும் பாராமல் கடந்தார்.

"நாரந்தனை போட்டுதே! எங்கை கொண்டு போறியள்?"

"ஊர்காவற்றுறையைப் பாராமல் போகலாமோ, அக்கா? அந்தக் காலத்து ராசாக்களின்ர யானைக் கப்பல் வந்த துறை!"

உயர்ந்த மதில்கள், பாழடைந்த பண்டகசாலைகள், தேவாலயம் எல்லாம் காட்டியாயிற்று. நடுக்கடலில் நிற்கும் கோட்டையை இரண்டு தரம் காட்டினார். அன்னபூரணமும் முறுமுறுத்தபடியே பார்த்தார்.

"வடிவாய்த்தான் கிடக்கு. அதுசரி, அந்தச் சிவகுரு ஆள் எப்பிடி?"

"தங்கமான மனுசன்! குடியில்லை, வம்பில்லை. கதைதான் கொஞ்சம் கூட."

ஒருவழியாகத் திரும்பி வந்தபோது, முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. சிவக்கொழுந்து கூறைச் சீலையில் நின்றாள். அம்பிகையின் தலை நிறையப் பூ. தட்டில் அப்போதுதான் பொரித்த வாழைப்பழ வாய்ப்பனில் ஆவி பறந்தது.

சொல்லாமல் வந்த அன்னபூரணம் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார். மெல்லத் திரும்பிக் கார்க்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள்தானே சிவகுரு? கோட்டையை ரெண்டாந்தரம் காட்டினது வாய்ப்பன் பொரியத்தானோ?"

சிவகுரு தலையைச் சொறிந்தார். "பெத்த மனம், அக்கா. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் என்ர பிள்ளை தாங்காது."

அன்னபூரணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அம்பிகையைப் பக்கத்தில் இருத்திக் கதைத்தார். ஒரு வாய்ப்பனை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

"நல்ல நாளொண்டு பாருங்கோ, சம்மந்தி" என்றார்.

ஊரையே கதைத்துக் களைக்கவைத்த மனிதருக்குச் சம்மதமாக 'ஓம்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. சிவக்கொழுந்துதான் சொன்னாள்.