சீனன்குடா பங்கர்களில் இறங்குவதும் ஏறுவதும்

பாரிசவாதம் வந்தவர் கோல்ப் ஆடலாமா என்று கேட்டால், "மெதுவாக ஆடலாம்" என்பார் வைத்தியர். என் கணவர் ரகுவுக்கு அந்த "மெதுவாக" என்ற சொல்தான் பிடிக்காது. இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு இடப்பக்கம் செயலிழந்தது. கை ஓரளவு திரும்பிவிட்டது, கால் இன்னும் இழுக்கிறது. முப்பது வருடமாக ஆடிய மனிதர், இப்போது கொழும்பில் பயிற்சித் திடலில் நின்ற இடத்தில் நின்று பந்தடிப்பதோடு சரி. போன ஓகஸ்டில் அவர் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது: "திருகோணமலைக்குப் போய் ஒருக்கா முழுசா ஆடிப் பாக்கிறன். சரிவராட்டி பையை நீ எடு." பை என்றால் அதற்குள் இருக்கும் மட்டைகள், பந்துகள், அவருடைய முப்பது வருடம், எல்லாம்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆகவே இது வழக்கமான சுற்றுலாக் குறிப்பு இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போய் ஆட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. அவருக்குத் துணையாக யாராவது நடக்க வேண்டுமே என்று ஐம்பத்தாறு வயதில் மட்டையைப் பிடித்தவள்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் போனோம். படுக்கை இருக்கை வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். நகரத்தில் தங்கி ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தோம். அடுத்த நாள் விடிய ஐந்தே முக்காலுக்கு முச்சக்கர வண்டி வந்தது. நகரத்திலிருந்து சீனன்குடா பத்து கிலோமீற்றர் அளவில்தான். போக, வர, அங்கே நிற்க எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபா பேசினோம். இரண்டு கோல்ப் பைகளும் நாங்களும் அந்த வண்டிக்குள் எப்படி அடங்கினோம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓட்டுநர் நிஸார், கிண்ணியாக்காரர், கண்ணாடியில் ரகுவின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பெரிய வெளி முழுக்க நடக்க சேருக்கு ஏலுமா?"

"ஏலுமா ஏலாதா எண்டு பாக்கத்தானே போறம்," என்றார் ரகு.

நிஸார் அதற்குப் பிறகு பள்ளம் வந்த இடமெல்லாம் வண்டியை ஆமை மாதிரி ஓட்டினார்.

இனி மைதானத்துக்கு வருவோம். பங்கர் என்பது பந்தை விழுத்துவதற்கென்றே தோண்டி மணல் நிரப்பிய பள்ளம். எங்கள் ஊர்க்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் யுத்தகாலத்தில் பதுங்கிய வேறு பள்ளங்கள் ஞாபகம் வரும். இது பந்துக்கு மட்டும். மற்ற மைதானங்களில் அலங்காரத்துக்குத் தோண்டினதுபோல் நாலைந்து இருக்கும். இங்கே எண்ணி முடிக்க ஏலாது. முதல் குழியிலேயே, அதில் நட்டிருந்த கொடியைச் சுற்றி மூன்று பங்கர்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மற்றவர்கள் பங்கரைப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது எந்தப் பக்கத்தால் ஏறலாம் என்று. கொடியைப் பார்த்த பக்கம் இடுப்பளவு சுவர். பின்பக்கம் மட்டும் சரிவாக இறங்கி, புல்லோடு புல்லாக முடிகிறது. மணலைச் சமப்படுத்தும் விறாண்டி எப்போதும் அந்தச் சரிவான பக்கத்திலேயே கிடந்தது.

"எப்பவும் இந்தப் பக்கம்தான் வைக்கிறதோ?" என்று, எங்கள் பைகளை இழுத்து வந்த செல்வத்திடம் கேட்டேன். கப்பல்துறையில் இருந்து வருகிறவர்.

"ஓம் அக்கா. வந்த வழியாலயே போறதுக்கு. மற்றப் பக்கத்தால ஏறினா மணல் எல்லாம் சரிஞ்சிடும்."

நான் இதை ரகுவிடம் சொன்னேன். "எனக்குக் கொடி எங்க எண்டு சொன்னாப் போதும்," என்றார்.

ஆனால் நான் சொன்னது கொடியை அல்ல. ஒவ்வொரு அடிக்கும் முன் பங்கர் இல்லாத பக்கத்தைச் சொன்னேன். "இஞ்சருங்கோ, வலப்பக்கம் அடியுங்கோ." "அந்த மரத்தைப் பாத்து அடியுங்கோ." "கிட்டவா அடிச்சாக் காணும்." அவரும் பேசாமல் கேட்டார். எட்டுக் குழிகள் ஆடினோம், ஒரு பந்துகூட மணலில் விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் சரியான சந்தோசம். அவர் முகம் மட்டும் போகப் போகச் சுருங்கியது. குறுக்கே இரண்டு அடியில் போகிற தூரத்துக்கு நாங்கள் நாலு அடி அடித்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாவது குழியில் மட்டையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீர் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீரோ, மைதானத்தைச் சுத்திக் கூட்டிக்கொண்டு போறீரோ?"

செல்வம் அந்தப் பக்கம் திரும்பிப் புல்லில் மேய்ந்த மயிலொன்றைப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. கோபத்தில் இல்லை, அவர் சொன்னது உண்மை என்பதால். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வாயை மூடினபிறகுதான் மைதானம் கண்ணில் பட்டது. ஒன்பது மணிக்குமேல் கச்சான் எழும்பியது. ஓகஸ்டில் மேற்கே இருந்து அடிக்கிற அந்தச் சூட்டுக்காற்று, நேராக அடித்த பந்தையும் குடாப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். பங்கர்களில் பாதிக்குமேல் அந்தக் குடாப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதலில் அது வேண்டுமென்றே செய்த கொடுமையாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது குழியில் என் பந்து காற்றில் ஒதுங்கி, பங்கரில் விழுந்து நின்றது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பந்து நேரே தண்ணீருக்குள்தான். மைதானத்தை அமைத்தவர் கொஞ்சம் இரக்கமுள்ள மனிதர் என்று அப்போது நினைத்தேன். குறையும் ஒன்று சொல்ல வேண்டும்: காற்று மேல்மணலை அள்ளிக்கொண்டு போவதால் சில இடங்களில் அடியில் கெட்டித் தரை தட்டுகிறது. மட்டையை ஆழமாக இறக்காதீர்கள்.

பதினாறாவது குழிதான் எல்லாவற்றிலும் அழகானது. மேட்டில் நின்று அடிக்க வேண்டும், கீழே கொடி, அதற்குப் பின்னால் குடா முழுவதும் வெயிலில் மின்னுகிறது. கொடிக்கு முன்னால் மைதானத்திலேயே மிக ஆழமான பங்கர். வலப்பக்கத்தால் சுற்றிப் போக அகலமான வழியும் விட்டிருக்கிறார்கள். ரகு என்னைப் பார்த்தார். நான் குடாவைப் பார்த்தேன். அவர் நேரே கொடிக்கு அடித்தார்.

பந்து பங்கரின் நடுவில் விழுந்தது.

அவர் சரிவால் இறங்கினார். இடது கால் மணலில் புதைய ஒரு பக்கம் சாய்ந்தார். செல்வம் பையை விட்டுவிட்டு ஓடினார். "ஐயா, கையைத் தாங்கோ!"

"விடும் தம்பி."

சுவர் அவர் நெஞ்சுக்கு வந்தது. முதல் அடியில் பந்து சுவரில் பட்டுக் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மேலே நின்ற எனக்கு, மகனின் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் அந்தப் பை சாய்ந்து நிற்பது கண்ணுக்கு முன் வந்தது. மூன்றாவது தடவை அவர் அடிக்கவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் இப்போது பார்த்தது விறாண்டி கிடந்த பக்கத்தை.

பின்பக்கமாக அடிப்பதில் தவறில்லை. ஆனால் முப்பது வருடத்தில் அவர் அப்படி அடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவு வீம்பு. மெல்ல ஓர் அடி. பந்து சரிவில் ஏறிப் புல்லில் போய் நின்றது. அது போன வழியால் அவரும் ஏறினார், காலை இழுத்து இழுத்து, யாருடைய கையையும் பிடிக்காமல். மேலே வந்ததும் குனிந்து விறாண்டியை எடுத்து, தன் கால்தடங்களைத் தானே சமப்படுத்தினார். செல்வம் வாங்கப் போனார், கொடுக்கவில்லை. நான் அழுதேன். கச்சான் காற்றில் கண்ணுக்குள் மண் விழுந்தது என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

அங்கிருந்து பங்கருக்கு மேலாகக் கொடிக்குப் பக்கத்தில் ஒரே அடியில் போட்டார். மொத்தப் புள்ளி எவ்வளவு என்று கேட்க வேண்டாம், கேவலம். ஆனால் பதினெட்டுக் குழியும் ஆடினார்.

போக விரும்புபவர்களுக்குச் சில விசயங்கள். மைதானம் விமானப்படை முகாமுக்குள் இருப்பதால் அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், முதல் நாளே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் என்றால் விடியத் தொடங்குங்கள், கச்சான் எழும்பும்போது பாதி முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல். கால் வருத்தம் உள்ளவர்கள் விறாண்டி எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தேன்: "நடக்கக் கஷ்டப்படுபவர்கள் பதினாறாவது குழியில் பங்கரைத் தவிர்த்து வலப்பக்கத்தால் சுற்றிப் போவது நல்லது." ரகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கட்டுரையை முழுவதும் வாசித்தார். அந்த வரியில் விரலை வைத்தார், இடது கை விரலை.

"இதை எடும். நீர் மேல நிண்டனீர். உள்ளுக்கு நிண்டனான் நான்."

எடுத்துவிட்டேன். நேரே அடியுங்கள்.