மாம்பழ வாசம்

பாளையங்கோட்டையில் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு இன்று முதல் ஆளாக ஓர் அக்கா வந்தார். வீட்டில் சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுக்கப் போகிற வழி.

"அண்ணாச்சி, மவன் பாட்டு கேக்குத சாமான். சார்ஜ் ஏற மாட்டேங்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு அலையுதான்."

வாங்கிப் பார்த்தேன். மின் சிகரெட்.

மகன் கல்லூரியில் முதல் வருஷமாம்.

"மோந்து பாருங்க, மாம்பழ வாசம். என் கையில அடிக்குத போயில நாத்தம் அவனுக்கு ஆவாது. நான் பிசைஞ்ச சோத்தத் தொடமாட்டான்." பெருமையாகத்தான் சொன்னார்.

அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"யக்கா, இது பாட்டு கேக்குததில்ல, பொகைய உறிஞ்சுதது. ஒங்க போயிலையில இருக்க அதே நிக்கோட்டின்தான் இதுலயும்."

அவர் நம்பவில்லை. அதை மோந்து பார்த்தார். பிறகு தன் விரல்களை. மறுபடியும் அதை.

"கல்யாணத்துக்கு முன்னருந்து பீடி சுத்துதேன் அண்ணாச்சி. எனக்கே தெரியலையே."

சரிசெய்யச் சொல்லவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அந்த மாம்பழ வாசம் மகனை இழுக்கவா, தாயின் மூக்கைக் கட்டவா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருப்பவர்கள் சொல்லுங்கள். நீங்களும் மூக்கை நம்பித்தானே இருக்கிறீர்கள்?