வெள்ளையண்ணன் குறுக்கே வைத்த கல்

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஊராட்சி வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. குப்பனூர் சாலையின் சாலைப் பணியாளர் வெள்ளையண்ணன் நெஞ்சுவலியால் காலமானார். படித்துவிட்டு அடுத்த குழந்தைக்கு ஊசி போட்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஏற்காடு மலையின் வடக்குப் பக்கத்து ஊர்களுக்கு நான் கிராமச் செவிலியர். மழைக்காலத்தில் பாதையைக் கவனித்து எச்சரிக்க அரசு தேர்ந்தெடுத்த முதல்நிலை மீட்பாளர்களில் நானும் அவரும் இருந்தோம். பயிற்சியின்போது கொடுத்த பளபளப்பான மேற்சட்டையை எல்லோரும் போட்டுக்கொண்டு படம் எடுத்தோம். அவர் மட்டும் மடித்துக் கையில் வைத்திருந்தார். "சட்ட குடுத்துட்டாங்க, செரி. தைரியத்த யாருங்க குடுப்பாங்க?" என்றார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பலருக்கு அந்த மழை நாள் நினைவிருக்கும். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை 108 வண்டியில் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வாழவந்தி ஊருக்குக் கீழே குப்பனூர் சாலையின் குறுக்கே கல்லும் தழையும் போட்டு அவர் நின்றிருந்தார். தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண் ஊறியிருக்கிறது, விடமாட்டேன் என்றார். கெஞ்சினேன், திட்டினேன். மனிதர் அசையவில்லை. ஏற்காடு வழியாகச் சுற்றிப் போனதில் குழந்தை வண்டியிலேயே பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. அந்தச் சுவர் விழவேயில்லை. இன்றும் நிற்கிறது.

ஆத்திரம் அடங்காமல், காரணமின்றிச் சாலையை அடைத்தார் என்று அவருடைய அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன்.

விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. எங்கள் ஊர்களில் மனு எழுத வேண்டுமென்றால் செவிலியரிடம்தான் வருவார்கள். அவரும் வந்தார். வேலை போய்விடுமோ என்ற கவலையில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்றார். என் புகாருக்கு நானே பதில் எழுத உட்கார்ந்தேன். எப்படியாவது அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று, சுவர் நிச்சயம் விழுந்திருக்கும் என எழுதத் தொடங்கினேன். அவர் தடுத்துவிட்டார்.

"அது நமக்குத் தெரியாதுங்க நர்சம்மா. வண்டிக்குள்ள அத்தன உசுரு இருந்துச்சு, பயந்துட்டேன், அதனால கல்லு வெச்சேன்னு எழுதுங்க. அதுதானுங்க நெசம்."

அப்படியே எழுதினேன். வேலை தப்பியது. நன்றி சொல்ல ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார், கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். உண்மை வாய்வரை வந்தது. இன்னொரு நாள் ஆகட்டும் என்று விட்டேன். அதன்பிறகு எத்தனையோ முறை அதே சாலையில் பார்த்து, கையசைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அந்த ஒரே வரிதான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான் அண்ணா. அன்று எனக்கும் பயம்தான். அதைச் சொல்லத் தெரியாமல் உங்கள் மேல் புகார் எழுதிவிட்டேன்.