அருள்தாஸும் ஒரு தேங்காய் மைக்கும்

டிரம்ஸ் வாசிக்கும் குணா போன் செய்தபோது கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "ஏனுங்க சம்பத், நம்ம அருள் அண்ணன் போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். என் மனதில் முதலில் வந்தது துக்கம்கூட இல்லை. 'ஐயையோ, அந்தப் பாட்டு முடியலையே' என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அருள்தாஸை அறிந்தவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள்.

சரவணம்பட்டியில் அவர் வீட்டு மாடியறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். மாதா கோயில் பாடற்குழு முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை யார் வந்தாலும் பதிந்து கொடுப்பார். தனக்கென்று மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதில் கடைசிச் சரணத்துக்குக் குணாவின் கிக் டிரம்மும் என் பேஸ் கிட்டாரும் மட்டும் பாக்கி. முப்பதாம் நாள் பூசையன்று அதைக் கோயிலில் ஒலிக்க வைக்க வேண்டும் என்பது அவர் மனைவி செல்வி அக்காவின் ஆசை.

அங்கே வாசித்தவர்களுக்குத் 'தேங்காய்' தெரியும். கீழ்ஸ்தாயி அடிநாதத்துக்கென்றே செய்த, உரித்த தேங்காய் அளவுக்குத் தடித்த மைக். இருந்தது ஒன்றுதான். காலால் மிதித்தடிக்கும் அந்தக் கிக் டிரம்முக்கு வைப்பதா, என் பேஸின் ஆம்புக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்கு, வைப்பதா என்று எனக்கும் குணாவுக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக் கணக்கை முடித்துவிட்டுப் பஸ் பிடித்து வருகிற குணா, படியேறும்போதே "இன்னிக்குத் தேங்காய் யாருக்குங்க?" என்பார். நானும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. அருள்தாஸ் சிரிப்பார். "ரெண்டு பேருமே அடியிலதான் உக்காருவேன்னா, ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காரோணுமுங்க" என்பார். கடைசியில் மாற்றி மாற்றி வைப்பார்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் என் பேஸையே தேங்காயிலும் வேறொரு மைக்கிலும் பதிந்து, எது நன்றாக இருக்கிறது என்று கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். முதலாவதில் வயிறு அதிர்ந்தது. ஆனால் எந்த ஸ்வரம் என்று பிடிபடவில்லை. இரண்டாவதில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நடந்து வந்தது. "இரண்டாவதுதான். தேங்காய்னா தேங்காய்தான்" என்றேன். "காது நல்ல காதுங்க" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தபோது மைக்குகளைக் கழற்றி வைத்திருந்தார். என்னமோ பரிசு வாங்கியவன் மாதிரி அன்று வீட்டுக்குப் போனேன்.

அவர் போன இரண்டாவது ஞாயிறு, அந்தச் சரணத்தை முடிக்கத் தனியாகப் போனேன். முந்தைய சரணங்களில் தேங்காய் எனக்குத்தான் கிடைத்திருந்தது. அதே ஓசை வராவிட்டால் பாட்டில் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். தேங்காயை ஆம்புக்கு முன்னால் நிறுத்தி வாசித்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடு அசையவில்லை. கேபிளை மாற்றினேன். இன்னொன்றை மாற்றினேன். 'இன்னிக்குத்தானா உனக்குச் சனி பிடிக்கணும்' என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது செல்வி அக்கா காபியோடு வந்தார்.

"அதுல என்னங்க தம்பி பண்றீங்க? அது செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப என் பேஸை எதுலக்கா பதிஞ்சாரு?"

அக்கா ஜன்னல் திண்டைக் காட்டினார். வலை நசுங்கிய, பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற சாதாரண மைக். எதிரொலி அடங்க என்று ஆம்பின் முகத்தில் பாதியை மூடி ஒரு போர்வையைத் தொங்கவிடுவாரே, அதற்கடியில் இது இருந்திருக்கிறது. குணாவின் டிரம்முக்கு? உள்ளே அதிர்வு அடங்க வைத்திருந்த தலையணையின் மேல், சோப்புப் பெட்டி அளவில் ஒரு தட்டை மைக். இருவரும் ஒரு வருடமாக ஒரு செத்த மைக்குக்குச் சண்டை போட்டிருக்கிறோம்!

"ஏங்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"நானும் கேட்டனுங்க. 'தேங்காய் முன்னால இருந்தா ரெண்டு பேரும் உசுரக் குடுத்து வாசிக்கறாங்க, அதை எதுக்குக் கெடுக்கோணும்'னாரு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா, இரண்டும்தான்.

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஆர்வமாகிவிட்டது. இந்த நசுங்கிய மைக்கிலா அந்த ஓசை? ஸ்பீக்கரின் நடுவில் வைத்தேன், கம்பி கீறும் சத்தம்தான் கேட்டது. விளிம்பில் வைத்தேன், கம்பளிக்குள் பேசுவது போல் இருந்தது. இரண்டு விரற்கடை நகர்த்தினால் வேறொரு கிட்டார். மதியச் சாப்பாட்டையே மறந்துபோனேன். பிறகுதான் ஆம்பின் முகத்துணியில், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே, நகம் அளவு நீல டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். மைக்கை அதற்கு நேராக வைத்து வாசித்தேன். அன்று நான் கண்ணை மூடி, தேங்காய் என்று தேர்ந்தெடுத்த அதே ஓசை. 'காது நல்ல காதுங்க' என்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை குணா வந்தார். படியிலேயே கேள்வி தொடங்கும் மனிதர் அன்று கேட்கவில்லை. நானே தேங்காயைத் தூக்கிக் கிக் டிரம்முக்கு முன்னால் வைத்து, "இந்த வாட்டி நீங்களே வெச்சுக்குங்க" என்றேன்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசித்தார் பாருங்கள், ஒரே தடவையில் முடிந்தது. ஒரு மிதி பிசகவில்லை. முப்பதாம் நாள் பாட்டு கோயிலில் ஒலித்தபோது, ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

இதை எழுதினால் குணாவுக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அருள்தாஸ் அளவுக்கு ரகசியம் காக்க என்னால் முடியாது. குணா, மன்னிச்சுக்குங்க. அந்தத் தேங்காயைச் செல்வி அக்கா எனக்குக் கொடுத்துவிட்டார். என் ஆம்புக்கு முன்னால்தான் நிற்கிறது. அது முன்னால் இல்லாமல் எனக்கு வாசிக்க வரவில்லை. வேண்டுமென்றால் சண்டைக்கு வாங்க.