ஏலக்காரரின் மூச்சு

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி அறையில் நைனாவும் நானும் ஒரு நர்ஸும் இருந்தோம். மீன் ஏலம் நடக்கும் கரையில் வருஷக்கணக்காக நைனாவோடு நின்றவர்களில் ஒருவரும் வரவில்லை.

இதயம் பலவீனமானதால் அன்றாடம் என்ன சிரமம் என்று நோயாளியே சொல்ல வேண்டும் என்றார் நர்ஸ். நைனாவுக்குப் படிக்கத் தெரியாததால் அவர் கொடுத்த தாளிலிருந்த கேள்விகளை நான் வாசித்தேன். தொந்தரவு இல்லையென்றால் பூஜ்யம், மிக அதிகமென்றால் ஐந்து.

"மாடி ஏற முடியுதா நைனா?"

"நம்ம வூட்ல மாடி எங்கடா கீது?"

"தூக்கம் வருதா?"

"செவுத்துல சாஞ்சிகினு தூங்கறேன். பூஜ்யம் போடு."

"வேலை செய்யக் கஷ்டமா?"



மாமல்லபுரம் கரையில் மீன் ஏலம் கூவுவது அவர் வேலை. அவர் குரல் நின்றால் ஏலம் முடிந்ததென்று அர்த்தம். போன வாரம் ஒரு கூடை வஞ்சிரத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்க நடுவில் நின்றுவிட்டார். கடைசியாகக் கேட்ட வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். விலையில் குறைந்த நானூற்றைம்பது ரூபாயை நைனாவே படகுக்காரருக்குக் கட்டினார். மறுநாளிலிருந்து வேறொருவர் கூவுகிறார். நைனா சற்றுத் தள்ளி மணலில் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லு நைனா," என்றேன்.

"நானூத்தம்பது ரூபா," என்றார்.