நடுவில் தெரிந்த காலண்டர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் அக்கா புருஷன், தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி செலவில் ஜெர்மனி போய், ஒரு ஆட்டோஃபோகஸ் கேமராவோடு திரும்பினார். அன்றிலிருந்து ஊரிலிருந்த போட்டோகிராபர்கள் எல்லாருமே அவருக்கு முட்டாள்கள்.

"இது கண்ணுக்குத் தெரியாத லைட்ட அனுப்பி, எதிர்ல இருக்கறது எவ்ளோ தூரம்னு அதுவே அளந்துக்கும். நமக்கு இன்னா வேலை? பட்டன அமுக்கினா போதும்" என்று வீடு வீடாகப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஸ்டுடியோக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரே படமெடுத்தார். "பாஸ்டர் பாக்கறாரு. இன்னும் தாலி கட்டல. தள்ளி நில்லுங்க" என்று, எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒவ்வொரு படத்திலும் இடம் விடவைத்தார்.

அந்தக் கருவி அளப்பது படத்தின் நட்டநடுவை மட்டும். அங்கே நாங்கள் இல்லை. ஹாலின் கடைசிச் சுவரில் தொங்கிய காலண்டர்தான் இருந்தது.

பிரிண்டில் நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் புகைபோலக் கலங்கியிருந்தோம். காலண்டரில் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது.

"பாத்தியா, எவ்ளோ ஷார்ப்பு!" என்றார்.

"எங்க மூஞ்சி எங்க, மாமா?"

"கேமரா மேல தப்பு இல்லம்மா. நீங்க ஒட்டி நின்னிருக்கணும்."

கல்யாணத்தன்றும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பந்திக்கு அனுப்பச் சொன்னேன். இலை எங்கே இருக்கிறது என்பதையாவது சொந்தக் கண்ணால் பார்க்கட்டும்.